ஷஸாம் என்கிற கேப்டன் மார்வெல்: ஒரு பையன், ஒரு மந்திரச் சொல், 12 வருட வழக்கு

கேள்வி இது: 2019இல் வந்த ‘ஷஸாம்!’ படத்தின் நாயகனுக்குப் பழைய பெயர் கேப்டன் மார்வெல் என்கிறார்களே, பிறகு ஏன் மாற்றினார்கள்? அவன் சூப்பர்மேனைப் பார்த்துக் காப்பியடித்த பாத்திரம் என்று நீதிமன்றம் தடை போட்டதாகச் சொல்வது உண்மையா?

பழைய பெயர் அதுதான். ஆனால் எந்த நீதிமன்றமும் அவனுக்குத் தடை போடவில்லை. வழக்கு 12 வருடம் இழுத்துக்கொண்டு போய், கடைசியில் பதிப்பாளர் பணம் கட்டிச் சமரசம் செய்துகொண்டு, தானாகவே கடையைக் கட்டினார். காப்பி விஷயத்துக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. முதல் அட்டைப்படத்தைப் பார்த்தால் காப்பி என்றுதான் தோன்றும். முதல் கதையைப் படித்தால் அப்படித் தோன்றாது. நான் கதையின் பக்கம் நிற்கிறவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1938 ஜூன் தேதியிட்ட ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில் சூப்பர்மேன் வந்தான். விற்பனையைப் பார்த்த அமெரிக்கப் பதிப்பாளர்கள் எல்லோருக்கும் தங்களுக்கும் ஒரு சூப்பர்மேன் வேண்டும் என்றாகிவிட்டது. அவர்களில் ஒருவர் ஃபாசெட் நிறுவனம். முதல் உலகப்போருக்குப் பிறகு மினசோட்டாவில் ‘கேப்டன் பில்லிஸ் விஸ் பேங்’ என்ற நகைச்சுவைப் பத்திரிகையை ஆரம்பித்து வளர்ந்த குடும்பம் அது. அந்தக் ‘கேப்டன்’, ‘பில்லி’, ‘விஸ்’ மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மூன்றும் நம் கதைக்குள் வரும்.

குடும்பத்தில் ஒருவரான ராஸ்கோ ஃபாசெட் கேட்டதாகச் சொல்லப்படுவது இது: எனக்கும் ஒரு சூப்பர்மேன் கொடுங்கள், ஆனால் அவனுடைய இன்னொரு உருவம் பெரிய ஆளாக இல்லாமல் பத்துப் பன்னிரண்டு வயதுப் பையனாக இருக்கட்டும். முதல் பாதி ஊரே கேட்டதுதான். இரண்டாவது பாதியை அதுவரை யாரும் கேட்டதில்லை.

எழுத்தாளர் பில் பார்க்கர் முதலில் போட்ட திட்டம் வேறு. ஆறு வீரர்கள், ஆளுக்கொரு புராண நாயகனின் சக்தி, எல்லோரும் சேர்ந்து ஒரு குழு. நிர்வாகத்தில் இருந்த ரால்ஃப் டே, ஆறையும் ஒரே ஆளுக்குள் போட்டுவிடலாம் என்றார். அப்படிப் பிறந்ததுதான் ஷஸாம் என்ற சொல். ஆங்கிலத்தில் அதன் ஆறு எழுத்துக்கும் ஆறு பேர்: சாலமனின் ஞானம், ஹெர்குலிஸின் பலம், அட்லஸின் தாங்கும் திறன், ஸூஸின் ஆற்றல், அக்கிலீஸின் துணிவு, மெர்குரியின் வேகம். ஒரு யூத அரசர், மற்றவர்கள் கிரேக்க, ரோமப் புராணக்காரர்கள். யார் எந்த ஊர்ச் சாமி என்ற கணக்கெல்லாம் பார்க்காமல் நல்லதை எல்லாம் அள்ளிச் சேர்த்திருக்கிறார் பார்க்கர். குழந்தைகள் கதை சொன்னால் இப்படித்தான் சொல்வார்கள்.

பெயர் வைப்பதில் அன்றைக்கே சிக்கல். முதலில் கேப்டன் தண்டர் என்று வைத்தார்கள். பெயருக்கு உரிமை கோருவதற்காகக் கடைக்குப் போகாத மாதிரிப் பிரதிகளை மட்டும் அச்சிடும் வழக்கம் அப்போது இருந்தது. அப்படி அச்சிட்ட பிறகுதான் அந்தப் பெயரை வேறு ஒருவர் எடுத்துவிட்டது தெரிந்தது. இதழுக்கு யோசித்திருந்த தலைப்புகளும் போய்விட்டன. ஓவியர் பீட் காஸ்டான்ஸா ‘கேப்டன் மார்வலஸ்’ என்று வைக்கலாம் என்றார், ஆசிரியர்கள் அதைச் சுருக்கிக் கேப்டன் மார்வெல் ஆக்கினார்கள். 1940 பிப்ரவரி தேதியுடன் ‘விஸ் காமிக்ஸ்’ கடைக்கு வந்தபோது அதில் இதழ் எண் 2 என்றிருந்தது. ஒன்றாம் எண் அந்த மாதிரிப் பிரதியோடு முடிந்திருந்தது. முதன்முதலாக விற்பனைக்கு வந்த அந்த இதழே 5 லட்சம் பிரதிகளுக்கு மேல் போனது.

அந்த முதல் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். ராத்திரி நேரம். பில்லி பாட்ஸன் என்ற அநாதைப் பையன் தெருவில் பேப்பர் விற்கிறான். படுக்க வீடு கிடையாது, சுரங்க ரயில் நிலையத்தில்தான் தூங்குகிறான். முகம் தெரியாத ஒருவர் அவனைக் கூப்பிட்டுக்கொண்டு கீழே இறங்குகிறார். விசித்திரமான சித்திரங்கள் தீட்டிய, ஓட்டுநர் இல்லாத ரயில் ஒன்று வருகிறது. அது போய் நிற்கும் குகையில், மனிதகுலத்தின் ஏழு எதிரிகளான கர்வம், பொறாமை, பேராசை முதலியவற்றுக்குச் சிலைகள். உள்ளே ஒரு கிழ மந்திரவாதி உட்கார்ந்திருக்கிறார். 3,000 வருடமாகத் தீமையை எதிர்த்துக் களைத்துப்போனவர். அவர் தலைக்கு மேலே பெரிய கருங்கல் ஒன்று நூல் கனத்தில் தொங்குகிறது. ‘என் பெயரைச் சொல்’ என்கிறார். பையன் சொல்கிறான். இடி இடிக்கிறது, சிவப்பு உடையில் ஒரு மாவீரன் நிற்கிறான். இரண்டாவது முறை சொன்னதும் திரும்பவும் பையன். கல் விழுந்து கிழவர் மறைகிறார்.

நமக்கு வரம் என்ற சொல் பழக்கம். நம் புராணங்களில் வரம் கேட்பவர்கள் தவம் இருப்பார்கள், பெரிய ஆட்களாக இருப்பார்கள். இங்கே எதுவும் கேட்காத, கேட்கத் தெரியாத, தங்க இடமில்லாத ஒரு பையனைத் தேடி வந்து வரம் கொடுக்கிறார்கள். சூப்பர்மேனிடம் இது கிடையாது. சூப்பர்மேன் பிறப்பிலேயே பெரியவன், சாதாரண ஆளாக வேஷம் போடுகிறான். பில்லி நிஜமாகவே சின்னவன், ஒரு சொல் தூரத்தில் பெரியவனாகிறான். பத்து வயதில் இதைப் படிக்கும் குழந்தை எந்தக் கதைக்குள் தன்னைப் பார்க்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. எனக்கு விவரம் தெரிந்து முதலில் படித்த கேப்டன் மார்வெல் கதை இதுதான். ஓட்டுநர் இல்லாத அந்த ரயில் இன்னும் கண்ணில் நிற்கிறது.

படம் வரைந்தவர் சி. சி. பெக். நடிகர் ஃப்ரெட் மக்மரேயின் முகச்சாயலில் நாயகனை வரைந்தார். கோடுகள் குறைவு, சுத்தம், கொஞ்சம் கேலிச்சித்திரத் தன்மை. கதைக்குத் தேவையில்லாத ஒரு கோடும் இருக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. பெக்கின் பக்கங்களைப் பார்த்தால், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத குழந்தைக்கும் கதை புரிந்துவிடும்.

அப்புறம் ஆட்டோ பைண்டர் வந்தார். 1941 முதல் 1953 வரை கேப்டன் மார்வெல் குடும்பத்துக் கதைகளில் பாதிக்கும் மேலே, 900க்கும் அதிகமானவற்றை, எழுதியவர் அவர். வழுக்கைத் தலையும் தடித்த கண்ணாடியுமாகத் திரியும் பைத்தியக்கார விஞ்ஞானி சிவானா முதல் இதழிலிருந்தே உண்டு. பைண்டர் சேர்த்தவை அதைவிட விநோதமானவை. கோட்டு சூட்டு போட்டுப் பண்போடு பேசும் டானி என்ற புலி. உலகத்தையே நடுங்க வைக்கும் வில்லன் கூட்டத்துக்குத் தலைவன் மிஸ்டர் மைண்ட். 25 பகுதிகளாக இரண்டு வருடம் ஓடிய அந்தத் தொடரில் ஆரம்பத்தில் அவன் குரல் மட்டும்தான் கேட்கும். பிறகு பார்த்தால் அவன் கண்ணாடி போட்ட ஒரு சின்னப் புழு! பில்லியின் தொலைந்துபோன இரட்டைச் சகோதரி மேரி 1942 டிசம்பரில் வந்தாள். ஓவியர் மார்க் ஸ்வேஸ் அவளுக்கு நடிகை ஜூடி கார்லண்டின் முகத்தைக் கொடுத்தார்.

அதற்கு ஒரு வருடம் முன்பே கேப்டன் மார்வெல் ஜூனியர் வந்துவிட்டான். ஊன்றுகோலோடு நடக்கும் பிரெடி ஃப்ரீமன் என்ற பையன், மேக் ரபாயின் அழகான ஓவியம், எல்விஸ் பிரெஸ்லிக்குச் சிறுவயதில் மிகப் பிடித்த காமிக்ஸ். பிரெடியின் மந்திரச் சொல் ஷஸாம் கிடையாது, ‘கேப்டன் மார்வெல்’ என்பதுதான். அதனால் அந்தப் பையனால் தன் வீரப்பெயரை வெளியே சொல்லவே முடியாது. ‘நான் கேப்டன் மார்வெல் ஜூனியர்’ என்று ஆரம்பித்தாலே உருவம் மாறிவிடும். இந்தச் சிக்கலும் பின்னால் திரும்பி வரப்போகிறது.

1944இல் ‘கேப்டன் மார்வெல் அட்வென்சர்ஸ்’ மட்டும் 1 கோடியே 40 லட்சம் பிரதிகள் விற்றது. ஒரு கட்டத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு இதழ், ஒவ்வொன்றும் 13 லட்சம். சூப்பர்மேனை விற்பனையில் தாண்டிய நாயகன் அன்றைக்கு இவன்தான்.

புகழ்ந்துகொண்டே போனால் நியாயமாகாது. அந்தப் பக்கங்களில் ஸ்டீம்போட் என்ற கறுப்பின வேலைக்காரன் பாத்திரம் இருந்தது. தடித்த உதடும் கொச்சைப் பேச்சுமாக, கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் சித்திரிப்பு. 1945இல் நியூயார்க் பள்ளிப் பிள்ளைகள் சிலர் ஃபாசெட் அலுவலகத்துக்கே போய் இது தப்பு என்று சொன்னார்கள். அதோடு அந்தப் பாத்திரம் நின்றது. எந்தப் பிள்ளைகளுக்காக அந்த இதழ் வந்ததோ அவர்களே போய்த் திருத்தினார்கள் என்பது எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடங்களில் ஒன்று. போர்க்காலக் கதைகளில் ஜப்பானியர்களை வரைந்த விதமும் இன்று பார்க்கச் சகிக்காது.

இப்போது திரைக்கு வருவோம். காமிக்ஸ் புத்தகத்திலிருந்து திரைக்குப் போன முதல் சூப்பர் ஹீரோ சூப்பர்மேன் என்றே பலர் நினைக்கிறார்கள். இல்லை, இவன்தான். 1941 மார்ச்சில் ரிபப்ளிக் பிக்சர்ஸ் ‘அட்வென்சர்ஸ் ஆஃப் கேப்டன் மார்வெல்’ என்ற 12 பாகத் தொடர்படத்தை வெளியிட்டது. வாரம் ஒரு பாகம், முழுப்படத்தோடு சேர்த்துத் தியேட்டரில் காட்டுவார்கள், ஒவ்வொரு பாகமும் நாயகன் சாகப்போகும் இடத்தில் நிற்கும். ஃப்ளெய்ஷர் சகோதரர்களின் சூப்பர்மேன் கார்ட்டூன் அதே வருடம் செப்டம்பரில்தான் வந்தது. ரிபப்ளிக் முதலில் சூப்பர்மேனைத்தான் கேட்டுப் பார்த்தது, பேச்சு முறிந்த பிறகுதான் ஃபாசெட்டிடம் வந்தது.

வில்லியம் விட்னி, ஜான் இங்கிலிஷ் இருவரும் இயக்கினார்கள். பளுதூக்கும் வீரராகவும் கௌபாய் நடிகராகவும் இருந்த டாம் டைலர் கேப்டன் மார்வெல். ஃபிராங்க் காக்லன் ஜூனியர் பில்லி. கதை சயாமில் ஒரு பழைய கல்லறையில் தொடங்குகிறது. பொன்னால் செய்த தேள் ஒன்று, அதன் கால்களில் லென்ஸுகள், அவற்றை ஒழுங்காகத் திருப்பி வைத்தால் பயங்கர ஆயுதம். ஆய்வுக் குழுவினர் ஆளுக்கொரு லென்ஸைப் பிரித்து வைத்துக்கொள்ள, முகமூடி போட்ட ஸ்கார்ப்பியன் ஒவ்வொருவரையாகத் தேடி வருகிறான். அவன் குழுவுக்குள்ளேயே இருக்கும் ஒருவன். யார் என்று கடைசி வரை தெரியாது.

அந்தப் படத்தில் நாயகன் பறக்கும் காட்சிகளை இன்றைக்குப் பார்த்தாலும் நம்பத் தோன்றுகிறது. கம்ப்யூட்டர் இல்லாத காலம். ஹோவர்ட், தியோடர் லைடெக்கர் என்ற சகோதரர்கள் ஆள் உயரத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பொம்மை செய்து, முதுகை வளைத்துக் கையை நீட்டி வைத்து, மெல்லிய கம்பிகளில் மலைச்சரிவின் மேலே வழுக்க விட்டார்கள். அதை எடுத்தது வெட்டவெளியில், நிஜ வெயிலில். அதனால் பொம்மையின் மேல் விழும் வெளிச்சமும் பின்னால் இருக்கும் மலைமேல் விழும் வெளிச்சமும் ஒன்று. அதுதான் ரகசியம். பறக்கத் தாவுவதும் தரையில் வந்து குதிப்பதும் டேவிட் ஷார்ப் என்ற சண்டைக் கலைஞர். பொம்மை, ஷார்ப், டைலர் மூவரையும் ஒட்டிய எடிட்டிங்கில் தையல் தெரியாது. 1948இல் வந்த சூப்பர்மேன் தொடர்படத்தில் பறக்கும்போது நாயகன் கார்ட்டூனாக மாறிவிடுவான். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தவர்களுக்கு லைடெக்கர் சகோதரர்களின் அருமை தெரியும்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். படத்தில் வரும் கேப்டன் மார்வெல் காமிக்ஸில் இருப்பவனைப் போலச் சிரித்த முகக்காரன் இல்லை. ஓடுகிறவர்களை இயந்திரத் துப்பாக்கியால் சுடுகிறான். புழு வில்லனோடு சண்டை போடும் கதையின் இதமான குணம் அங்கே இல்லை. ஆனால் முடிவு அருமை. தேள் எரிமலைக் குழம்பில் போய் விழுந்ததும் ஆபத்து தீர்ந்தது, சக்தியும் போய்விட்டது. அங்கே நிற்பது வெறும் பில்லி. டாம் டைலர் 1943இல் இன்னொரு தொடர்படத்தில் பேன்டமாக நடித்தார், ராணி காமிக்ஸ் வாசகர்களுக்கு மாயாவி என்று சொன்னால் புரியும்.

சரி, வழக்குக்கு வருகிறேன். சூப்பர்மேனை வைத்திருந்த நேஷனல் (இன்றைய டிசி) தன் சொத்தைக் காப்பதில் கறாரான நிறுவனம். 1939இலேயே விக்டர் ஃபாக்ஸ் வெளியிட்ட ‘ஒண்டர் மேன்’ மீது வழக்குப் போட்டு ஜெயித்தார்கள். ஃபாசெட்டின் ‘மாஸ்டர் மேன்’ என்ற இன்னொரு பாத்திரம் மிரட்டலிலேயே காணாமல் போனது. கேப்டன் மார்வெல் விஷயத்தில் ஃபாசெட் பணியவில்லை, ஏனென்றால் அவ்வளவு பணம் அதில் வந்துகொண்டிருந்தது. 1941இல் ஃபாசெட் மீதும் ரிபப்ளிக் மீதும் வழக்குப் பதிவானது. விசாரணை 1948இல்தான் தொடங்கியது.

நேஷனல் பக்கம் லூயிஸ் நைஸர் என்ற பேர்போன வக்கீல். இந்தக் கட்டத்தில் சூப்பர்மேன் என்ன செய்கிறான், அந்தக் கட்டத்தில் கேப்டன் மார்வெல் என்ன செய்கிறான் என்று பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிய ஆல்பங்களைக் காட்டினார்கள். இருவர் மார்பிலும் குண்டு பட்டுத் தெறிக்கிறது, இருவரும் காரைத் தூக்குகிறார்கள். விஸ் காமிக்ஸ் முதல் அட்டையில் கேப்டன் மார்வெல் ஒரு காரைச் சுவரில் வீசி அடிப்பதையும், ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் அட்டையில் சூப்பர்மேன் காரைத் தூக்கி நிற்பதையும் மறுக்க முடியாது. ஃபாசெட்டுக்கு முன்பு எழுதிய மேன்லி வேட் வெல்மேன், ஆசிரியர்களே சூப்பர்மேனைப் பார்த்துச் செய்யச் சொன்னார்கள் என்று சாட்சி சொன்னார். ஃபாசெட் தரப்போ, இந்தச் சாகசமெல்லாம் பாப்பாய், டார்ஸான் காலத்திலிருந்தே உண்டு என்றது.

முதல் தீர்ப்பு விசித்திரமாக வந்தது. காப்பியடித்தது உண்மை என்றார் நீதிபதி காக்ஸ். ஆனால் செய்தித்தாள்களில் வந்த சூப்பர்மேன் துண்டுத்தொடர்களில் பதிப்புரிமைக் குறிப்பைச் சரியாகப் போடாததால் நேஷனல் தன் உரிமையையே கைவிட்டதாகிறது என்று வழக்கைத் தள்ளினார். அதாவது ஃபாசெட் ஜெயித்தது. மேல்முறையீட்டில் 1951 ஆகஸ்டில் நீதிபதி லேர்னட் ஹேண்ட் அதைத் திருப்பினார். உரிமையைக் கைவிட்டதாகக் கொள்ள முடியாது என்றார். அதே சமயம், பாத்திரத்தை ஒட்டுமொத்தமாகத் தப்பு என்று சொல்லவில்லை. எந்தெந்தக் குறிப்பிட்ட கதைகள், கட்டங்கள் நகல் என்பதைக் கீழ்நீதிமன்றம் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்று அனுப்பிவிட்டார். ‘கேப்டன் மார்வெலுக்குத் தடை’ என்ற தீர்ப்பு கிடையவே கிடையாது என்று நான் சொல்வது இதனால்தான்.

இன்னொரு சுற்று விசாரணைக்கு ஃபாசெட் தயாராக இல்லை. போர் முடிந்ததிலிருந்தே சூப்பர் ஹீரோ காமிக்ஸ் விற்பனை இறங்கிக்கொண்டிருந்தது. திகிலும் குற்றமும் காதலும்தான் கடையில் ஓடின. வக்கீல் செலவுக்கு ஏற்ற வருமானம் இல்லை. 1953இல் 4 லட்சம் டாலர் கொடுத்து, இனி வெளியிட மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். ‘மார்வெல் ஃபேமிலி’ 89ஆம் இதழ் 1954 ஜனவரி தேதியோடு கடைசியாக வந்தது. அதன் அட்டையில் குடும்பத்தினர் நிற்க வேண்டிய இடத்தில் அவர்களுடைய உருவங்களின் வெற்றுக் கோடு மட்டும்தான் இருக்கிறது. அந்த அட்டையை என்னால் இன்றும் சாதாரணமாகப் பார்த்துவிட்டு நகர முடிவதில்லை.

ஆல்பத்தில் இருந்தது குண்டும் காரும் பறப்பதும் மட்டும்தான். பேப்பர் விற்கும் பையன் அதில் இல்லை. அவனுக்கு ஜோடியாக ஒட்டச் சூப்பர்மேனில் எதுவும் கிடையாது. வழக்கு எதைப் பார்க்கவில்லை என்பது அதற்கடுத்து நடந்ததில் தெரிகிறது. வேலை இழந்த பைண்டர் நேஷனலுக்கே எழுதப் போனார். 1959இல் அவர் கதை எழுத, அல் பிளாஸ்டினோ வரைய, சூப்பர்கேர்ள் வந்தாள். மேரி மார்வெலை அறிந்தவர்களுக்கு அவள் யாருடைய தங்கை என்று தெரியும். மார்வெல் குடும்பத்தை வரைந்த கர்ட் ஷாஃபென்பெர்கர் அங்கேயே சூப்பர்மேனின் காதலி லோயிஸ் லேன் கதைகளின் முக்கிய ஓவியர் ஆனார். சூப்பர்மேனுக்கு ஒரு குடும்பமும் வீட்டு விலங்குகளும் வந்து சேர்ந்த 1950களின் பிற்பகுதியைப் படித்தால், ஃபாசெட் வீட்டு வாசம் அடிக்கும்.

பிரிட்டனில் இன்னொரு கிளை முளைத்தது. அங்கே மறுபதிப்பு போட்டுக்கொண்டிருந்த எல். மில்லர் நிறுவனத்துக்கு அமெரிக்காவிலிருந்து சரக்கு நின்றுவிட்டது. 1954இல் மிக் ஆங்லோ என்பவரிடம் சொல்லி மார்வெல்மேன் என்று மாற்றிக்கொண்டார்கள். மந்திரச் சொல் ‘கிமோட்டா’, ‘அட்டாமிக்’ என்பதைத் திருப்பிப் போட்டது. 1963இல் நின்றுபோன அவனை 1982இல் எழுத்தாளர் ஆலன் மூர் எடுத்து, அதே பையன் வளர்ந்து நடுவயது ஆளாகி, மந்திரச் சொல்லையே மறந்து தலைவலியோடு வாழ்ந்தால் எப்படியிருக்கும் என்று எழுதினார். சூப்பர் ஹீரோ காமிக்ஸ் முழுவதையும் திசை திருப்பிய படைப்புகளில் அது ஒன்று. அமெரிக்காவில் அதற்கு ‘மிராக்கிள்மேன்’ என்று பெயர் மாற்ற வேண்டி வந்தது. காரணம் மார்வெல் என்ற சொல்.

ஏனென்றால் அந்தச் சொல் அதற்குள் வேறு வீட்டுக்குப் போய்விட்டது. ஃபாசெட் வெளியிடாமல் விட்டதால் கேப்டன் மார்வெல் என்ற வணிகச்சின்னம் சும்மா கிடந்தது. 1966இல் ஒரு சின்னப் பதிப்பகம் அந்தப் பெயரில் உடம்பைத் துண்டு துண்டாகப் பிரிக்கும் ஓர் இயந்திர மனிதனைக் கொண்டுவந்தது, அது நிற்கவில்லை. 1967இல் மார்வெல் காமிக்ஸ் பெயரைப் பிடித்துக்கொண்டது. நிறுவனத்தின் பெயரையே தாங்கும் பாத்திரம் வெளியாள் கையில் இருக்கக் கூடாது என்பது அவர்களுக்கு முக்கியம். ஸ்டேன் லீயும் ஜீன் கோலனும் மார்-வெல் என்ற வேற்றுக்கிரகப் படைவீரனை உருவாக்கினார்கள். அன்றிலிருந்து பெயர் கையைவிட்டுப் போகாமல் இருக்க, அந்தப் பெயரில் ஏதாவது ஒரு தொடரை அவ்வப்போது வெளியிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். 2012இல் அந்தப் பெயர் அவர்களுடைய பெண் நாயகி கேரல் டான்வர்ஸுக்கு வந்தது.

1972இல் நடந்ததைத்தான் நான் நண்பர்களிடம் இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கும், முதல் முறை நம்ப மாட்டார்கள். ஃபாசெட்டிடமிருந்து கேப்டன் மார்வெலை உரிமம் எடுத்தது டிசி. வழக்குப் போட்டு மூடவைத்த அதே நிறுவனம், அதே பாத்திரத்துக்காக ஃபாசெட்டுக்குப் பணம் கட்டியது! பெக்கை மறுபடி கூப்பிட்டார்கள். 1973 பிப்ரவரி தேதியிட்ட முதல் இதழ் அட்டையில் சூப்பர்மேனே திரையை விலக்கி இவனை அறிமுகப்படுத்துகிறான். ஆனால் அட்டையில் கேப்டன் மார்வெல் என்று தலைப்பு வைக்க முடியாது, அது மார்வெலின் சின்னம். அதனால் தலைப்பு ‘ஷஸாம்!’ ஆனது. உள்ளே கதையில் பழைய பெயர், வெளியே மந்திரச் சொல். ‘ஒரிஜினல் கேப்டன் மார்வெல்’ என்று துணைத்தலைப்பு போட்டுப் பார்த்தார்கள், சில இதழ்களில் அதையும் எடுக்க வேண்டியதாயிற்று. நாயகன் பெயரே ஷஸாம் என்று ஒரு தலைமுறை நினைக்க ஆரம்பித்தது இங்கிருந்துதான். பெக் கதைகளின் தரம் பிடிக்காமல் பத்து இதழோடு விலகிவிட்டார். அவர் கோபம் நியாயமானது என்பேன், சுவை தெரியாமல் எழுதப்பட்ட கதைகள் அவை.

1974 செப்டம்பரில் சிபிஎஸ் தொலைக்காட்சியில் சனிக்கிழமைக் காலைத் தொடராக வந்தது, தயாரிப்பு ஃபில்மேஷன். மைக்கேல் கிரே பில்லி. ஜாக்சன் பாஸ்ட்விக்கும் பிறகு ஜான் டேவியும் கேப்டன் மார்வெல். சிவானா கிடையாது, புழு கிடையாது, குகையும் கிடையாது. பில்லியும் ஒரு பெரியவரும் வேனில் ஊர் ஊராகப் போவார்கள், வழி தவறிய பிள்ளைகளுக்கு உதவுவார்கள், கடைசியில் ஒரு நீதி. 28 பகுதிகள். சண்டை குறைவு என்று அதைப் பலர் மட்டமாகப் பேசுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிள்ளைகளின் கஷ்டத்துக்கு ஓடி வருகிறவன் என்ற அடிப்படையை அந்தத் தொடர் விடவில்லை. அதோடு சேர்ந்து 1975இல் வந்த ‘ஐசிஸ்’ என்ற பெண் சூப்பர் ஹீரோ தொடரில் ஜோஆனா கேமரன் நடித்தார், ஒண்டர் உமன் வாராந்தரத் தொடர் ஆவதற்கு முன்பே.

அதன் பிறகு வந்த சில பத்தாண்டுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1980களில் ஒரு கார்ட்டூன், ஒரு புது ஆரம்பம், எதுவும் ஒட்டவில்லை. 1990களின் தொடக்கத்தில் டிசி முழு உரிமையையும் வாங்கிவிட்டது. 1994இல் ஜெரி ஆர்ட்வே எழுதி வரைந்த ‘தி பவர் ஆஃப் ஷஸாம்!’ மட்டும் தேடிப் படிக்க வேண்டியது. பழைய தொடர்படத்தின் தேள், எகிப்து, 1940களின் நகரம் எல்லாவற்றையும் அன்போடு சேர்த்துக் கட்டியிருப்பார்.

2012இல் ஜெஃப் ஜான்ஸ், கேரி ஃபிராங்க் இருவரும் கதையை மறுபடி தொடங்கியபோது டிசி பெயர்ப் போராட்டத்தை விட்டுக்கொடுத்தது. நாயகன் பெயரும் ஷஸாம் என்றே ஆனது. எனக்கு இதில் உடன்பாடில்லை. ஜூனியரின் பழைய சிக்கல் இப்போது இவன் தலையில் விழுந்தது: பெயரைச் சொன்னாலே உருவம் மாறிவிடும் என்றால் யாரிடமாவது தன்னை எப்படி அறிமுகப்படுத்திக்கொள்வான்? மனதார நினைத்துச் சொன்னால்தான் மாறும் என்று சமாதானம் சொன்னார்கள். அதைவிட, அந்தச் சொல் கிழவருடைய பெயர், பையனுக்குக் கிடைத்த வரம். வரத்தையும் வாங்கியவனையும் ஒரே பெயரால் கூப்பிடுவது கதையின் ஒரு மூட்டைக் கழற்றி எடுத்தது போல் இருக்கிறது.

ஆனால் அந்த மறுதொடக்கத்திலிருந்து பிறந்த 2019 படம் நல்ல படம். டேவிட் சாண்ட்பெர்க் இயக்கம், ஆஷர் ஏஞ்சல் பில்லி, ஸக்கரி லீவை பெரியவன். ஊர் ஃபிலடெல்பியா, பில்லி வளர்ப்பு வீடு மாறி மாறிப் போகும் பையன். சுரங்க ரயில் இருக்கிறது, குகை இருக்கிறது, ஏழு சிலைகள் இருக்கின்றன, படம் முடிந்தபின் அந்தப் புழுவும் எட்டிப் பார்க்கிறது. பெயர் வைக்க முடியாத சிக்கலையே கதையின் விளையாட்டாக மாற்றிக்கொண்டார்கள். பிரெடி ஒவ்வொரு பெயராக வைத்துப் பார்ப்பான், ஒன்றும் நிற்காது. கேரல் டான்வர்ஸின் ‘கேப்டன் மார்வெல்’ படம் அதே வருடம் மார்ச் 8இல் வெளிவந்தது, இது ஏப்ரல் 5இல். இரண்டு கேப்டன் மார்வெல்களும் நான்கு வார இடைவெளியில் திரைக்கு வந்தார்கள், பெயர் ஒருவரிடம் மட்டும் இருந்தது. ‘ஷஸாம்!’ உலக அளவில் சுமார் 36 கோடியே 60 லட்சம் டாலர் வசூலித்தது.

2022இல் டுவெய்ன் ஜான்சன் நடித்த ‘பிளாக் ஆடம்’ வந்தது. ஃபாசெட் காலத்தில் ஒரே ஒரு கதையில், 1945இல், வந்துபோன வில்லன் அவன். ஷஸாம் என்று அவன் வாயாலேயே சொல்லவைத்து ஏமாற்றுவார்கள், உடனே 5,000 வயதும் ஒரேயடியாக ஏறிப் பொடிப்பொடியாகிவிடுவான். அப்படிப்பட்டவனுக்குத் தனிப்படம், அதில் பில்லி இல்லை. 2023 மார்ச்சில் வந்த இரண்டாம் பாகம் ‘ஃப்யூரி ஆஃப் தி காட்ஸ்’ முதல் படத்தின் வசூலில் பாதியைக்கூடத் தொடவில்லை.

அந்தப் படம் ஓடாவிட்டாலும் அதில் ஓர் இடத்துக்காக நான் நன்றியோடு இருக்கிறேன். தெருவில் போகும் வயதான ஒருவர் சிவப்பு உடைக்காரனைப் பார்த்து ‘கேப்டன் மார்வெல்!’ என்று கூப்பிடுகிறார். அந்த வழிப்போக்கர் மைக்கேல் கிரே, 1974இல் பில்லியாக நடித்தவர்.